போன் ஆர்டர் நோட்டு

செஞ்சி,
14.3.2025

அறக்கட்டளையின் செவிலியர் துறைத் தலைவர், மரியாதைக்குரிய ஆண்டாள் மேடம் அவர்களுக்கு, செஞ்சிக் கிளை மருத்துவமனையின் ஜெயக்கொடி எழுதுவது.

நலமா என்று கேட்கும் வரியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். உங்கள் மெமோவிலும் அது இல்லை.

மெமோ நேற்று வந்தது. மருத்துவரின் உத்தரவின்றி மருந்து செலுத்தியதற்கும், அதைப் பதிவேட்டில் தன்னிச்சையாக எழுதியதற்கும் ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டுமாம். கீழே உங்கள் கையெழுத்து. நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சிக்கு இந்த அறக்கட்டளை நம் இருவரையும் அனுப்பியபோது பதினெட்டு மாதம் உங்கள் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள் நான். அந்தக் கையெழுத்து எனக்குப் புதிதில்லை. விளக்கத்தைத் தனியாக ஆபீசுக்கு அனுப்புவேன். இது உங்களுக்கு. மூன்று வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது போன் போட்டால் இரண்டு பேரும் கத்துவோம், கத்தியதற்குச் சாட்சி இருக்காது. காகிதத்தில் இருக்கட்டும்.

பிப்ரவரி 27, மாசி அமாவாசை. மேல்மலையனூர் திருவிழாவன்று இங்கே ரோடு எப்படி இருக்கும் என்பதைச் சென்னைக்குப் போனதில் மறந்திருக்க மாட்டீர்கள். டாக்டர் வெங்கடரமணன் அவலூர்பேட்டை முகாமுக்குப் போனவர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். மதியம் இரண்டு பத்துக்கு வசந்தா என்ற பெண்ணுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. இரண்டு இருபதாகியும் ரத்தம் நிற்கவில்லை. வழக்கமான ஊசிக்கு அடங்கவில்லை. டாக்டருக்கு மூன்று முறை போன் போட்டேன். லட்சம் பேர் ஒரே இடத்தில் செல்போனோடு நின்றால் டவர் என்ன செய்யும்? கிடைக்கவில்லை.

அடுத்த மருந்து பூட்டிய அலமாரியில் இருக்கிறது. சாவி என் இடுப்பில் இருக்கிறது. டாக்டர் சொல்லாமல் திறக்கக் கூடாது என்பது அறக்கட்டளையின் விதி. திறந்தேன், போட்டேன், கர்ப்பப்பையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றேன். இரண்டு நாற்பதுக்கு ரத்தம் அடங்கியது. டாக்டர் மூன்றேகாலுக்கு வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

பார்த்துவிட்டு, "பொழச்சிக்கிச்சி. நல்ல வேல பண்ணீங்க சிஸ்டர். அந்த நோட்ட எடுங்க, ரெண்டு இருபத்தஞ்சிக்கு நான் போன்ல சொன்னதா எழுதிடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

நம் போன் ஆர்டர் நோட்டுதான். டாக்டர் போனில் சொன்ன உத்தரவை நர்ஸ் எழுத வேண்டும், மறுநாள் டாக்டர் கையெழுத்திட வேண்டும். போன் கிடைக்காத நாளிலும் கிடைத்ததாகவே எழுதுவோம். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டோம். இந்த முறை நான் அப்படி எழுதவில்லை. "டாக்டரை மூன்று முறை அழைத்தேன், கிடைக்கவில்லை. நானே நிலைமையைக் கணித்து, நானே மருந்து கொடுத்தேன்" என்று எழுதி முழுப் பெயரையும் போட்டேன்.

"இன்னா சிஸ்டர் இது, உங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கறீங்க?" என்றார் டாக்டர். கோபத்தில் இல்லை, பயத்தில்.

மருந்து கொடுத்ததற்காக இந்த மெமோ வரவில்லை. பத்து வருடமாகக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். உண்மையை எழுதியதற்காக வந்திருக்கிறது. திருத்தி எழுத மாட்டேன். வேலை போனால் போகட்டும்.

ஜெயக்கொடி


சென்னை,
22.3.2025

கொடி,

"மேடம்" என்று எழுதினால் எனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறாய். வலித்தது. போதுமா?

மெமோவில் நான் கையெழுத்துப் போடாவிட்டால் செயலாளர் போட்டிருப்பார். அவர் போட்டிருந்தால் அது மெமோவாக இருந்திருக்காது, பணிநீக்க உத்தரவாக இருந்திருக்கும். விளக்கம் கேட்பதோடு நிறுத்துவதற்கே அவர் அறையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை.

நான் ஏசி அறைக்கு ஓடிப்போய்விட்டேன் என்று நீ வார்டில் எல்லோரிடமும் சொன்னது என் காதுக்கும் வந்தது. என் பிரிவு உபசாரத்துக்கு நீ வராததையும் மறக்கவில்லை. பரவாயில்லை. ஆனால் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கலாம்.

அறக்கட்டளையின் மூன்று மருத்துவமனைகளுக்கும் ஒரு விதி எழுதியிருக்கிறேன். நம்மைப்போல் பதினெட்டு மாதப் பயிற்சி முடித்த செவிலியர், ஏழு அவசர நிலைகளில் டாக்டருக்காகக் காத்திருக்காமல் நோயைக் கணித்து, முதல் மருந்தைத் தன் பெயரிலேயே தொடங்கலாம். அவ்வளவுதான். நாலு பக்கம். அந்த நாலு பக்கத்துக்கு மூன்று வருடம் ஆனது. ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு டாக்டர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன். நிர்வாகக் குழுவில் பேச எனக்கு அனுமதி உண்டு, வாக்கு கிடையாது. முதல் வருடம் முழுக்க, காபி வரத் தாமதமானால் குழுவே என் முகத்தைப் பார்க்கும். இப்போது பார்ப்பதில்லை. அது என் முதல் வெற்றி, சிரிக்காதே.

ஜூலை 19ஆம் தேதி குழு கூடுகிறது. எட்டு பேரில் ஐந்து பேரைச் சரிக்கட்டி வைத்திருந்தேன். நீ நோட்டில் எழுதிய வரி இங்கே வந்ததும் இரண்டு பேர் விலகிவிட்டார்கள். "பார்த்தீங்களா, விதி வர்றதுக்கு முன்னாலயே இவங்க இப்படி. வந்துட்டா டாக்டர் எதுக்கு?" என்கிறார்கள்.

அவர்கள் கேட்கும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "உங்க ரெக்கார்டுப்படியே டாக்டருங்க அஞ்சு நிமிஷத்துல போன்ல கிடைச்சிடறாங்களே, அப்புறம் இந்த விதி எதுக்கும்மா?"

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். "பதற்றத்தில் தவறாக எழுதிவிட்டேன், உத்தரவு போனில் வந்தது" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடு. கோப்பை மூடிவிடுகிறேன். நீ ஒரு பெண்ணைக் காப்பாற்றினாய். நான் இனி வரப்போகும் நூறு பேருக்காகப் போராடுகிறேன். இரண்டும் ஒரே வேலை என்று என்றைக்காவது ஒப்புக்கொள்வாயா?

ஆண்டாள்


செஞ்சி,
4.4.2025

ஆண்டாள்,

மேடத்தை எடுத்துவிட்டேன். கோபத்தை எடுக்கவில்லை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்தக் கேள்வியை நீயே எழுதியிருக்கிறாய், பதிலும் உனக்கே தெரியும், ஆனாலும் என்னை இன்னொரு பொய் எழுதச் சொல்கிறாய். டாக்டர்கள் ஐந்து நிமிடத்தில் கிடைப்பதாக நோட்டில் இருப்பது நாம் அப்படி எழுதியதால். நம் நோட்டே உன் விதியின் கழுத்தைப் பிடித்திருக்கிறது. அதில் இன்னொரு வரியை நான் சேர்க்க வேண்டுமா?

நான் ஏன் திடீரென்று அரிச்சந்திரன் ஆனேன் என்று உனக்குத் தோன்றியிருக்கும். காரணத்தைச் சொல்கிறேன். இதை என் வீட்டுக்காரர் விநாயகத்திடம்கூட நான் சொல்லவில்லை.

ஜனவரி 9. குஞ்சம்மாள், அறுபத்திரண்டு வயது. கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஹரிகிருஷ்ணனின் அம்மா. காலில் புண் என்று தானே நடந்து வந்து படுத்தவர். காலை பதினொரு மணிக்கு ஆன்டிபயாடிக் ஊசி. போட்ட சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் வேறொரு நோயாளியோடு ஆம்புலன்ஸில் விழுப்புரம் போயிருந்தார். நான் பிரசவ அறையில் இருந்தேன். வார்டில் யுவஸ்ரீ. உனக்கு அவளைத் தெரியாது. நம் பயிற்சியையே நமக்குப் பிறகு முடித்து, முதல் மதிப்பெண் வாங்கி வந்து சேர்ந்தவள். என்ன நடக்கிறது என்று பார்த்தவுடன் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அட்ரினலின் மருந்தைக் குழலில் ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். பதினொரு நிமிடம் போட்டாள். பிறகு பயத்தை விட்டு ஊசியைப் போட்டாள். நேரம் கடந்துவிட்டது, குஞ்சம்மாள் பிழைக்கவில்லை.

ஏன்டி காத்திருந்தாய் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சேந்த மொத வாரமே அந்த நோட்ட முழுசா படிச்சேன்கா. எல்லாத்துலயும் டாக்டரு அஞ்சி நிமிஷத்துல பேசியிருக்காரு. ஒரு தடவகூட கெடைக்காம போனதில்ல. இதோ பேசிடுவாரு, இதோ பேசிடுவாருன்னே நின்னுட்டேன்கா."

புரிகிறதா? யாருமே படிப்பதில்லை என்று நாம் நினைத்த நோட்டை ஒருத்தி உட்கார்ந்து படித்தாள். நம்பினாள். இங்கே நாங்கள் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதெல்லாம் சும்மா எழுதுவது என்று.

அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேள். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நோட்டை எடுத்து "11.06, போனில் உத்தரவு, ஊசி உடனே கொடுக்கப்பட்டது" என்று என் கையாலேயே எழுதினேன். ஹரிகிருஷ்ணனிடம், "எல்லாம் உடனே செஞ்சோம்பா, ஒடம்பு ஏத்துக்கல" என்று சொன்னதும் நான்தான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நன்றி சொன்னார், ஆண்டாள். அன்றிலிருந்து கடைவீதிப் பக்கம் நான் போவதில்லை.

உன் ஒரு வரி வராது.

கொடி


சென்னை,
27.4.2025

கொடி,

மூன்று வாரம் ஆயிற்று. எழுதி எழுதிக் கிழித்தேன். நீ இதை என் பதவி பயம் என்று நினைத்திருப்பாய். பாதி அதுதான், மறைக்கவில்லை.

அந்த நோட்டைத் தொடங்கியவள் நான். நீ அதைச் சொல்லிக்காட்டவில்லை, பெரிய மனசு. 2014இல் மீனம்பாள் சிஸ்டர் வலிப்பு வந்த ஒரு பெரியவருக்கு டாக்டரைக் கேட்காமல் ஊசி போட்டார். பெரியவர் பிழைத்து வீட்டுக்குப் போனார், மீனம்பாள் சிஸ்டரை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஞாபகம் இருக்கிறதா, பஸ் ஸ்டாண்டில் அவரை ஏற்றிவிட்டது நாம் இருவரும்தான். மறுநாள் கடைவீதியில் ஒரு நீள நோட்டு வாங்கினேன். இனி யாரும் இப்படிப் போகக் கூடாது என்று நினைத்துத்தான் முதல் பக்கத்தில் முதல் பொய்யை எழுதினேன். டாக்டரும் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். பதினொரு வருடத்தில் நம் நர்ஸ் ஒருவர்கூட வேலை இழக்கவில்லை என்று பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பெருமையை வைத்துத்தான் இந்தப் பதவிக்கே விண்ணப்பித்தேன்.

குஞ்சம்மாளைப் பற்றிப் படித்த பிறகு என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. அந்தப் பெண் யுவஸ்ரீயின் பதினொரு நிமிடத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

நான் கேட்ட வரியைத் திரும்பப் பெறுகிறேன். மன்னித்துக்கொள் என்று எழுதினால் நீ இன்னும் திட்டுவாய், அதனால் எழுதவில்லை.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஜூலைக் கூட்டத்தில் விதியோடு அந்த நோட்டையும் வைக்கப் போகிறேன். அதற்கு முன்னால் எந்த உத்தரவு உண்மையாகப் போனில் வந்தது, எது வரவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டும். எழுதியவர்கள் மட்டுமே அதைச் சொல்ல முடியும். நீ கேட்டால் சொல்வார்கள், தலைமை அலுவலகத்திலிருந்து நான் கேட்டால் சொல்ல மாட்டார்கள். யாரையும் வற்புறுத்தாதே. முதல் பக்கத்தில் என்னுடையதைக் குறித்துவிட்டு, அதை எல்லோருக்கும் காட்டிவிட்டுக் கேள்.

ஒரு வேண்டுகோள். குஞ்சம்மாளின் குடும்பத்திடம் இப்போது போகாதே. வழக்கறிஞர் கண்டிப்பாகச் சொல்கிறார், கூட்டம் முடியட்டும் என்று. விதி வந்த பிறகு நானே வந்து சொல்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, கொடி. ஆனாலும் செய்வேன்.

ஆண்டாள்


செஞ்சி,
25.5.2025

அடியே ஆண்டாள்,

வேலை முடிந்தது. உன் வேண்டுகோளையும் மீறியாயிற்று. வரிசையாகச் சொல்கிறேன், பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே.

ஷிப்ட் மாறும் நேரத்தில் எல்லோரையும் மருந்தறையில் கூட்டி, உன் முதல் பக்கத்தைக் காட்டினேன். பிறகு காத்தாயி அக்கா, அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர், "குடுடி பேனாவ" என்று வாங்கித் தான் எழுதிய பொய்களுக்குப் பக்கத்தில் புள்ளி வைக்க ஆரம்பித்தார். அவர் வைத்ததைப் பார்த்து மற்றவர்கள் வைத்தார்கள். நாலு பேர் மாட்டோம் என்றார்கள். ஒருத்திக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, இன்னொருத்திக்குப் பயம். விட்டுவிட்டேன். அவர்கள் எழுதியதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மிச்சம் முந்நூற்று எண்பத்தெட்டு உத்தரவு. அதில் இருநூற்று நாற்பத்தொன்று டாக்டர் சொல்லாதது.

டாக்டர் வெங்கடரமணனிடமும் போனேன். நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். "இவ்ளோவா?" என்றார். "இத்தினி வாட்டி நான் கெடைக்கலையா சிஸ்டர்?" என்று மறுபடியும் கேட்டார். அந்த ஆள் கெட்டவர் இல்லை, அறுபது கட்டிலுக்கு ஒற்றை மனிதர். அவரும் நம் நோட்டை நம்பித்தான் தன்னைப் பெரிய டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில், "மேற்கண்ட குறிப்புகள் உண்மை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இனி மீறிய கதை. நோட்டில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தபோது ஜனவரி 9ஆம் தேதிப் பக்கம் வந்தது. புள்ளி வைத்தேன். வைத்துவிட்டு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. உன் குழுவுக்கு உண்மை தெரியும், அந்தம்மாவின் பிள்ளைக்குத் தெரியாது என்றால் அது என்ன உண்மை? யுவஸ்ரீ தானும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

ஹரிகிருஷ்ணன் கடையில் ஆள் இல்லாத மதிய நேரம். முதலில், "வாங்க சிஸ்டர், உக்காருங்க" என்றார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நான் பொய் சொன்னேன் என்று முதலில் சொன்னேன், பிறகு பதினொரு நிமிடத்தை. அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைக்கவே இல்லை.

"ஊசி கையில இருந்திச்சா?" என்று யுவஸ்ரீயைக் கேட்டார்.

"இருந்திச்சி."

"போட்டா பொழப்பாங்கன்னு தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் இன்னாத்துக்குமா நின்ன?"

அவளை முந்திக்கொண்டு நான் விதியைச் சொன்னேன். நோட்டைச் சொன்னேன். எனக்கே அது கேவலமாகக் கேட்டது.

"கேஸ் போடுவேன்" என்றார்.

"போடுங்க. கேக்கற எடத்துல வந்து இதையே சொல்றேன்" என்றேன்.

"போயிடுங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் யுவஸ்ரீ அழுதுகொண்டே வந்தாள். நான் அழவில்லை. நாலு மாதத்துக்குப் பிறகு அந்தக் கடைவீதியில் தலை நிமிர்ந்து நடந்தேன், அது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

உன் கூட்டத்தைக் கெடுத்துவிட்டேனோ தெரியவில்லை. கெடுத்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். நோட்டைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. டாக்டர் வெள்ளிக்கிழமை சென்னை வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

கொடி


சென்னை,
21.7.2025

கொடி,

கூட்டம் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. போனில் சொல்லியிருக்கலாம். நீ ஆரம்பித்த வழியிலேயே முடிக்கிறேன்.

விதியை வாசித்தேன். செயலாளர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். ரெக்கார்டுப்படி ஐந்து நிமிடம். நான் நோட்டை மேசை நடுவில் வைத்து, இந்த ரெக்கார்டு பொய், முதல் பொய்யை எழுதியவள் நான் என்றேன். அதற்குப் பிறகு பத்து நிமிடம் யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு நினைவில்லை. ஏமாற்று, மோசடி, போலீஸ் என்ற வார்த்தைகள் மட்டும் காதில் விழுந்தன. டாக்டர் வெங்கடரமணன் எழுந்து, அதில் இருக்கும் கையெழுத்தெல்லாம் தன்னுடையது, நடவடிக்கை எடுப்பதானால் தன்னிடமிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். அதற்குப் பிறகு சத்தம் கொஞ்சம் குறைந்தது.

அப்போதுதான் காவலாளி வந்து, செஞ்சியிலிருந்து ஒருவர் மனுவோடு வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்றார். ஹரிகிருஷ்ணன். நீ அனுப்பினாயோ என்று நினைத்தேன். கூட்டம் என்றைக்கு என்று ஆபீசுக்குப் போன் போட்டு அவரே விசாரித்தாராம்.

உள்ளே கூப்பிட்டார்கள். உட்காரவில்லை. அவர் பேசியதை மறக்கும் முன்பே எழுதி வைத்துக்கொண்டேன்.

"இந்தம்மாவுங்கள நான் மன்னிக்கல. கேஸ் போட்டிருக்கேன், அது நடக்கும், வாபஸ் வாங்க வரல. ஆனா எங்கம்மாவுக்கு இன்னா தேவைன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்குது. மருந்தும் கையில இருந்திருக்குது. போடக்கூடாதுன்னு எழுதி வச்சது நீங்க. அத இன்னும் மாத்தாம வச்சிருக்கீங்க. செஞ்சியில எங்களுக்கு அவசரம்னா அந்த ஆஸ்பத்திரிதான். நாளைக்கு என் பொண்டாட்டி அங்கதான் போவா, என் புள்ள அங்கதான் போவான். மாத்திட்டுப் பேசுங்க."

மனுவை வைத்துவிட்டுப் போய்விட்டார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐந்துக்கு மூன்று. விதி நிறைவேறியது, கொடி. செப்டம்பர் ஒன்று முதல் மூன்று மருத்துவமனைகளிலும். ஏழு அவசர நிலைகளும், ஒரு வார்த்தைகூட வெட்டாமல். நோட்டை ஒழித்து, அழைத்த நேரம், கிடைத்ததா இல்லையா, முடிவெடுத்தவர் யார் என்று தனித்தனியாக எழுதும் பதிவேடு வருகிறது.

அடுத்தது. பதிவேட்டில் பொய் எழுதியதற்காக என்னைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். நியாயம்தான், வாதாடவில்லை. வேலையை விட்டு அனுப்பவில்லை, வார்டு நர்ஸாகச் செஞ்சிக்கே போகச் சொல்லிவிட்டார்கள். உனக்கு ஜனவரிப் பதிவுக்காக எழுத்துமூலம் எச்சரிக்கை. பிப்ரவரி மெமோ ரத்து.

என் இடத்துக்கு யார் என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன். செயலாளரே, "அந்தம்மா உண்மையதான் எழுதுவாங்க, நமக்குத்தான் கஷ்டம்" என்றார். உத்தரவு இந்த வாரம் வரும். மறுத்துவிடாதே. நீ மறுத்தால் வெளியிலிருந்து எம்.பி.ஏ. படித்த ஒருவரைப் போடுவார்கள். விதியை எழுதுவது பாதி வேலைதான் என்று மூன்று வருடத்தில் கற்றுக்கொண்டேன். அதை யாரும் மெதுவாக அரித்துவிடாமல் அந்த அறையில் ஒருத்தி காவல் இருக்க வேண்டும்.

ஆண்டாள்


செஞ்சி,
29.8.2025

ஆண்டாளுக்கு,

உன் கடிதத்தைப் பிரசவ அறைக்கு வெளியே நின்று படித்தேன். "ஐந்துக்கு மூன்று" என்ற இடத்தில் என்னை அறியாமல் கத்திவிட்டேன், உள்ளே இருந்த ஆயம்மா பயந்துபோய் வெளியே ஓடி வந்தார். பிறகு உன் பதவி போன வரியைப் படித்துவிட்டு அழுதேன். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத உன்னால்தான் முடியும்.

உத்தரவு வந்தது. உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வாக்குரிமை இல்லாமல் வர மாட்டேன் என்று எழுத்தில் கேட்டேன். பத்து நாள் பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். வழக்கமில்லை என்றார்கள். வழக்கத்தின் லட்சணத்தைத்தான் நோட்டில் பார்த்தீர்களே என்று பதில் போட்டேன். நேற்று வந்துவிட்டது, நர்ஸுக்கு ஒரு வாக்கு. ஒன்பதாவது வாக்கு. இனி நாலுக்கு நாலு என்று இழுபறி வந்தால் என்னைத்தான் கேட்க வேண்டும்.

விநாயகம், "நீ போய் அங்க எல்லாரையும் ஒரு வழி பண்ணிடுவ" என்று சொல்லிப் பெட்டியை மேலிருந்து எடுத்துக் கொடுத்தார். நீ திங்கட்கிழமை இங்கே வந்து சேரும்போது நான் கிளம்பியிருப்பேன். சாவியைக் காத்தாயி அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். மூன்று வருடம் கழித்தும் நாம் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை பார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ போனபோது உன்னை ஓடிப்போனவள் என்றேன். ஊரெல்லாம் சொன்னேன். உன் பிரிவு உபசாரத்தன்று வார்டில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு மருந்தறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையில் உன்மேல் கோபம் இல்லை, தனியாக விட்டுவிட்டாயே என்ற பயம். அதைச் சொல்லத் தெரியாமல் திட்டினேன். தப்பு என்னுடையது.

இது எனக்கு இப்போது எப்படிப் புரிந்தது தெரியுமா? நான் சென்னைக்குப் போகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து யுவஸ்ரீ என்னோடு பேசுவதில்லை. அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். நேற்று ஷிப்ட் ஒப்படைக்கும்போது, "கட்டில் பதினாலு, ஜுரம் கொறஞ்சிருக்குது மேடம்" என்றாள்.

மேடம்.

கேஸ் நடக்கும்போது கோர்ட்டில் அவள் பக்கத்தில் நிற்பேன், அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். நீ வந்ததும் அவளைச் சமாதானம் செய்ய முயலாதே. என் சார்பில் பேசவும் வேண்டாம். அவள் கோபம் சரியான கோபம், இருக்கட்டும். அவளுக்கு வாரம் ஒரு கடிதம் நானே எழுதுவேன். பதில் வர மூன்று வருடம் ஆனாலும் எழுதுவேன்.

அவளுக்காகவாவது போகாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். இருந்தால் அவள் கூடத்தான் இருக்க முடியும், அவள் கையைக் கட்டும் அடுத்த விதியைத் தடுக்க முடியாது. அதனால் போகிறேன்.

கொடி